'டிரீட்' வேறு, 'கியூர்' வேறு: மருத்துவமனை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. நோயாளியும் அவருக்குத் துணையிருக்கும் அட்டெண்டரும் தமிழில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நர்ஸ், வார்டு உதவியாளர், வரவேற்பு மேசையில் இருப்பவர், மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு இந்த வேலைகளுக்கு வருகிறவர்களுக்கு மருத்துவமனை ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உறுப்புகளின் பெயரையும் மருந்துகளின் பெயரையும் அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். தடுமாற்றம் வருவது எளிய சொற்களில்: கியூர், ஹீல், டிரீட், ரிலீவ், ரெக்கவர். எல்லாவற்றுக்கும் 'குணமாக்குவது' என்று ஒரே பொருள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். காசநோய்க்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதமான ஒருவரின் தாளில் 'ரெஸ்பாண்டிங் டு டிரீட்மெண்ட்' என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் "குணமாகிவிட்டது" என்று சொன்னால், இருமல் ஏற்கெனவே நின்றுபோன அந்த மனிதர் மாத்திரையை நிறுத்திவிடுவார். மீதி நான்கு மாத மாத்திரை அலமாரியில் கிடக்கும். கிருமி நெஞ்சுக்குள் பிழைத்திருக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாவதற்கு இப்படிப் பாதியில் விடுவதும் ஒரு காரணம். மருத்துவமனையில் சொல் தவறினால் அதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். அதனால்தான் இந்தச் சில சொற்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்குகிறேன்.

முதல் படி: செய்ததா, முடிந்ததா, குறைந்ததா

எந்தச் சொல் வந்தாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மருத்துவர் செய்ததைச் சொல்கிறதா, நோய் எப்படி முடிந்தது என்பதைச் சொல்கிறதா, தொல்லை குறைந்ததை மட்டும் சொல்கிறதா?

'டிரீட்', 'மேனேஜ்' இரண்டும் செய்ததைச் சொல்பவை. பலன் என்ன என்பது அவற்றில் இல்லை. ஒருவரை ஆறு மாதம் 'டிரீட்' செய்தும் 'கியூர்' ஆகவில்லை என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம். வைத்தியம் பார்த்தார்கள், ஆனால் நோய் தீரவில்லை என்று நாம் சொல்வதில்லையா, அதே கணக்குதான். 'மேனேஜ்' என்று எழுதினால் பெரும்பாலும் நீண்ட நாள் கூடவே வைத்துச் சமாளிக்க வேண்டிய நோய் என்று பொருள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா.

'கியூர்', 'ஹீல்', 'ரெக்கவர்' மூன்றும் முடிவைச் சொல்பவை. 'ரிலீவ்', 'ஈஸ்', 'அலீவியேட்', 'கன்ட்ரோல்' ஆகியவை குறைந்ததை மட்டும் சொல்பவை. 'பெயின் ரிலீவ்டு' என்றால் வலி தணிந்தது, அவ்வளவுதான். வலியைக் கொடுத்த கல் சிறுநீரகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

இந்தப் பாகுபாடு உங்களுக்குப் புதிதில்லை. நம் வீட்டுப் பேச்சிலேயே காய்ச்சல் விடுகிறது, வலி குறைகிறது, வீக்கம் வடிகிறது, புண் ஆறுகிறது, எலும்பு கூடுகிறது, அம்மை இறங்குகிறது, உடம்பு தேறுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. ஆங்கிலத் தாளைக் கையில் எடுத்ததும் இத்தனையையும் மறந்துவிட்டு 'குணமாயிற்று' என்ற ஒரே சொல்லுக்குள் ஒதுங்கிவிடுகிறோம். என் வகுப்பில் முதல் வாரம் அந்தச் சொல்லுக்கே தடை. அதில்லாமல் சொல்லிப் பாருங்கள் என்றால், எல்லோருக்கும் பாட்டி பேசிய தமிழ் திரும்பி வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பும் சரியாக வருகிறது.

இரண்டாம் படி: யாருக்கு, எதற்கு

'டிரீட்', 'கியூர்' இரண்டும் நோயாளியையும் எடுத்துக்கொள்ளும், நோயையும் எடுத்துக்கொள்ளும். ஆளை 'டிரீட்' செய்யலாம், மலேரியாவையும் 'டிரீட்' செய்யலாம். 'ரெக்கவர்' அப்படியில்லை. நோயாளிதான் 'ரெக்கவர்' ஆவார். மருத்துவர் நோயாளியை 'ரெக்கவர்' செய்தார் என்று எழுதினால், தொலைந்த பொருளை மீட்டதுபோல் ஆகிவிடும்.

'ஹீல்' என்ற சொல்லை மருத்துவமனையில் புண்ணுக்கும், தையலுக்கும், எலும்புக்கும், குடல் புண்ணுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் சர்க்கரையும் 'ஹீல்' ஆவதில்லை. 'ஹீல்' பெரும்பாலும் தானாக நடப்பது. மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார். ஆறுவது உடம்பின் வேலை. அதனால்தான் 'தி வூண்ட் இஸ் ஹீலிங்' என்று புண்ணையே எழுவாயாக வைத்து எழுதுகிறார்கள். தமிழிலும் புண்தான் ஆறுகிறது.

அறுவை சிகிச்சை வார்டுக்குப் போகிறவர்கள் 'ஹீலிங் பை பிரைமரி இன்டென்ஷன்', 'செகண்டரி இன்டென்ஷன்' என்ற இரண்டையும் அவசியம் பார்ப்பீர்கள். 'இன்டென்ஷன்' என்றால் நோக்கம் என்று அகராதியைப் பார்த்துவிட்டு விழிப்பவர்கள் அதிகம். இங்கே யாருடைய நோக்கமும் இல்லை. புண்ணின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து, அவை நேராக ஒட்டிக்கொண்டால் அது 'பிரைமரி'. ஓரங்களைச் சேர்க்க முடியாமல் திறந்தே விட்டு, அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து மெல்ல மூடினால் அது 'செகண்டரி'. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் இரண்டாவது வகையைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். "ஏன் தைக்காமல் திறந்தே விட்டுவிட்டார்கள்?" என்று அட்டெண்டர் கோபமாகக் கேட்பார். சீழ் பிடித்த புண்ணை மேலே மூடித் தைத்தால் உள்ளே அடைபட்டுக் கெடும், அதனால் அடியிலிருந்து வளரவிட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் அந்தக் கோபம் பாதி தணிந்துவிடும்.

எலும்பு வார்டில் 'ஹீல்' என்பதைவிட 'யூனியன்' என்ற சொல் அதிகம் வரும். எலும்பு கூடியது என்பதற்கு நேரான சொல் அது. 'மால்யூனியன்' என்றால் கோணலாகக் கூடியது. 'நான்யூனியன்' என்றால் கூடவே இல்லை. 'டிலேய்டு யூனியன்' என்றால் கூட நாளாகிறது. மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கூட நாளாகிறது என்பதைக் கூடவே இல்லை என்று சொல்லிவிட்டால், மறுநாளே கட்டைப் பிரித்துவிட்டு வேறிடம் தேடிப் போய்விடுவார்கள்.

பல் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பில்லில் 'லைட் கியூர்' என்று இருந்தால் அது நோய் தீர்ந்ததைச் சொல்லவில்லை. பல் குழியில் வைத்து அடைத்த பசையை நீல ஒளி காட்டிக் கெட்டியாக்குவதற்கு அந்தப் பெயர். கட்டடத்தில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு இறுக வைப்பதைக் கொத்தனார்கள் 'கியூரிங்' என்கிறார்களே, அந்தக் 'கியூர்'தான் இது.

மூன்றாம் படி: பின்னால் ஒட்டும் சிறு சொல்

தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்தச் சிறு சொற்கள் செய்கின்றன. நம்மவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

'கியூர்' வினையாக வரும்போது பின்னால் 'ஆஃப்' வரும்: ஒருவரை ஒரு நோயிலிருந்து 'கியூர் ஆஃப்'. தமிழில் 'இலிருந்து' என்று வருவதால் எல்லோரும் 'ஃப்ரம்' போட்டுவிடுகிறார்கள். 'ஃப்ரம்' சேர வேண்டியது 'ரெக்கவர்' உடன். அதே 'கியூர்' பெயர்ச்சொல்லாக நின்றால் 'ஃபார்' வரும்: 'எ கியூர் ஃபார் மலேரியா'. 'ரெமெடி'க்கும் அப்படியே. 'ஹோம் ரெமெடி' என்றால் நம் கைவைத்தியம்.

'டிரீட்' உடன் 'ஃபார்' வந்தால் அடுத்து நோயின் பெயர். 'வித்' வந்தால் அடுத்து மருந்தின் பெயர். 'டிரீட்டட் ஃபார் நிமோனியா வித் ஆன்டிபயாடிக்ஸ்': நிமோனியாவுக்கு, ஆன்டிபயாடிக்கால். 'க்கு' என்று தமிழில் வருவது 'ஃபார்'. 'ஆல்' என்று வருவது 'வித்'. அறிமுகமில்லாத பெயர் ஒன்று தாளில் வந்தால், அது நோயா மருந்தா என்பதை அதற்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். புதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பை நான் அறியேன்.

'ரெஸ்பாண்ட்' உடன் எப்போதும் 'டு'. நோய் மருந்துக்கு இணங்கி வருகிறது என்று பொருள். வருகிறது என்பதைக் கவனியுங்கள், இன்னும் வந்து சேரவில்லை. 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றால் மருந்து பிடிக்கவில்லை. 'ரெஃப்ராக்டரி' என்ற சொல்லும் கிட்டத்தட்ட அதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது: தரும் மருந்துக்கு அடங்காதது.

பிறகு 'ஆன்', 'ஆஃப்' என்ற ஜோடி. 'ஆன் இன்சுலின்' என்றால் இப்போது இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறார். 'ஆன் ஏடிடி' என்றால் காசநோய் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஆஃப் ஆக்சிஜன்' என்றால் ஆக்சிஜன் எடுத்தாகிவிட்டது. இந்த 'ஆஃப்' வேறு, 'கியூர்' பின்னால் வரும் 'ஆஃப்' வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுபோல் இருக்கும், ஆங்கிலத்தில் எழுத்து வேறு. 'ஹிஸ்டரி ஆஃப் டியூபர்குலோசிஸ்' என்றால் முன்பு வந்த நோய். 'நோன் கேஸ் ஆஃப் டயபட்டிஸ்' என்றால் ஏற்கெனவே தெரிந்த, இன்றும் இருக்கிற நோய். இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால், என்றோ சின்ன வயதில் வந்து தீர்ந்துபோன நோயை இன்றும் இருப்பதாகச் சொல்லி ஒரு குடும்பத்தையே அலறவைத்துவிடுவீர்கள்.

'ஆபரேட்' உடன் நோயாளியைச் சொன்னால் 'ஆன்', நோயைச் சொன்னால் 'ஃபார்'. 'அட்மிட்' என்பதற்கு 'டு', 'டிஸ்சார்ஜ்' என்பதற்கு 'ஃப்ரம்', 'அலர்ஜிக்' என்பதற்கு 'டு', 'கம்ப்ளெய்ன்ஸ்' என்பதற்கு 'ஆஃப்'. காரணம் தேடாமல் ஜோடியாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

நான்காம் படி: முன்னால் நிற்கும் அடைமொழி

'டிரீட்மெண்ட்' தனியாக வருவது குறைவு. அதன் முன்னால் நிற்கும் சொல்தான் உண்மையான செய்தியைச் சொல்லும்.

'கன்சர்வேட்டிவ்' என்றால் அறுவை சிகிச்சை இல்லாமல் பார்ப்பது. அகராதியில் 'பழமைவாத' என்று இருக்கும். அதை நம்பினால் பழைய முறை வைத்தியம் என்று ஆகிவிடும். 'சிம்ப்டமாட்டிக்' என்றால் நோயின் வேரைத் தொடாமல் காய்ச்சலுக்கும் வலிக்கும் வாந்திக்கும் மட்டும் மருந்து. 'சப்போர்ட்டிவ்' என்றால் உடம்பு தானே போராடி மீளும்வரை தாங்கிப் பிடிப்பது. டெங்குவுக்கு இதுதான் நடக்கிறது: கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது; நீர்ச்சத்து குறையாமலும் ரத்தப்போக்கு வராமலும் பார்த்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் முடியும் நேரத்தில் வார்டில் இருப்பவர்கள் "குளுக்கோஸ் மட்டும்தான் ஏற்றுகிறார்கள், ஊசி ஒன்றும் போடவில்லை" என்ற புகாரைத் தினமும் கேட்பீர்கள். அந்தக் குளுக்கோஸ்தான் வைத்தியம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

'எம்பிரிக்கல்' என்றால் கல்ச்சர் பரிசோதனை (கிருமியை வளர்த்து எந்தக் கிருமி என்று பார்ப்பது) முடிவு வருமுன் அனுபவத்தின்படி தொடங்கிய மருந்து. முடிவு வந்ததும் மருந்து மாறலாம். மாறினால் முதலில் கொடுத்தது தவறு என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. 'புரொஃபிலாக்டிக்' என்றால் வருமுன் காக்கக் கொடுப்பது.

புற்றுநோய்ப் பிரிவில் அடைமொழியின் எடை கூடிவிடும். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் இன்றும் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை அவர்கள் "கரண்ட் வைப்பது" என்கிறார்கள். திருத்த வேண்டாம், நீங்களும் அப்படியே பேசுங்கள். 'நியோஅட்ஜுவண்ட்' என்றால் அறுவை சிகிச்சைக்கு முன் கட்டியைச் சுருக்கக் கொடுப்பது. 'அட்ஜுவண்ட்' என்றால் கட்டியை எடுத்த பிறகு கொடுப்பது. "கட்டியை எடுத்தாகிவிட்டதே, பிறகு எதற்கு மருந்து?" என்று கேட்பார்கள். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அணுக்கள் மிச்சம் இருந்தால் அவற்றையும் அழிப்பதற்கு என்பது பதில்.

'கியூரேட்டிவ் இன்டென்ட்', 'பாலியேட்டிவ் இன்டென்ட்' என்ற இரண்டும் தாளில் இருக்கும். முதலாவது, நோயை முற்றிலும் ஒழிக்கும் நோக்கத்தோடு தரும் சிகிச்சை. நோக்கம்தான், உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, நோயை ஒழிக்க முடியாது என்று தெரிந்து, வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, இருக்கும் காலத்தை நன்றாக இருக்கச் செய்வது. 'பாலியேட்டிவ்' என்றவுடன் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் சொல்லாதீர்கள். நோயைக் குறிவைத்த சிகிச்சை நடக்கும்போதே தணிப்புச் சிகிச்சையும் கூடவே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதைவிட முக்கியமாக, இந்த அடைமொழியைக் குடும்பத்துக்கு முதலில் விளக்க வேண்டியவர் மருத்துவர். தாளில் படித்துவிட்டீர்கள் என்பதற்காக வராந்தாவில் நின்று அந்தச் செய்தியைச் சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது. கேட்டால், "டாக்டரே உட்கார்ந்து பேசுவார், நான் நேரம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நேரத்தையும் வாங்கிக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: காசநோய்ப் பதிவேட்டில் 'கியூர்டு'

இந்தச் சொற்களை எவ்வளவு துல்லியமாக எடைபோடலாம் என்பதற்குக் காசநோயைவிட நல்ல பாடம் இல்லை. பாடம் நடந்த இடமும் நம் ஊர்தான். முன்பெல்லாம் காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, நல்ல காற்றும் ஓய்வும் உணவும் கொடுப்பதே வைத்தியமாக இருந்தது. தாம்பரத்துக்கு முந்திய ரயில் நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்ற பெயரோடுதான் இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் சேர்த்த நோயாளிகளையும் நெருக்கடியான சிறு வீடுகளிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-ல் முடிவுகள் வெளியாயின: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலும் ஏறத்தாழ அதே பலன், கூட வாழ்ந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பதற்கு வழி திறந்தது இந்த ஆய்வு. எளிய சென்னைக் குடும்பங்கள் பங்கெடுத்த வேலை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

காசநோய்ப் பதிவேட்டில் சிகிச்சையின் முடிவை எழுதும் கட்டத்தில் 'கியூர்டு' என்றும் 'டிரீட்மெண்ட் கம்ப்ளீட்டட்' என்றும் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கும். இரண்டு பேரும் முழு மாத்திரையையும் சாப்பிட்டு முடித்தவர்கள்தான். பிறகு ஏன் இரண்டு? தொடக்கத்தில் சளியில் கிருமி உறுதியாகி, கடைசியில் பரிசோதித்துக் கிருமி இல்லை என்று சான்று கிடைத்தவர் மட்டுமே 'கியூர்டு'. மாத்திரையை முடித்தார், தோல்வியின் அறிகுறி இல்லை, ஆனால் அந்தக் கடைசிப் பரிசோதனைச் சான்று இல்லை என்றால் 'கம்ப்ளீட்டட்'. இரண்டையும் கூட்டினால் 'டிரீட்மெண்ட் சக்ஸஸ்'. சான்று இல்லாமல் 'கியூர்' என்ற சொல்லைக் கொடுப்பதில்லை. இந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது.

நடைமுறையில் உங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. கடைசி மாதத்தில் சளி மாதிரி கொடுக்க நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். "இருமலே இல்லை, சளிக்கு எங்கே போவேன்?" என்பார்கள். "நோய் தீர்ந்தது என்று தாளில் எழுதச் சான்று வேண்டும்" என்று சொல்லி அவர்களை ஒத்துக்கொள்ள வையுங்கள்.

அதே பதிவேட்டில் முன்பு 'டிஃபால்டர்' என்று ஒரு சொல் இருந்தது. பாதியில் நின்றவரைக் கடன் கட்டாதவரைப்போலக் குற்றவாளியாக்கிய சொல். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் சொற்களைத் திருத்தியபோது அதற்குப் பதிலாக 'லாஸ்ட் டு ஃபாலோ அப்' வந்தது. தொடர்பு விட்டுப்போனவர் என்று சொல்லலாம். 'டிபி சஸ்பெக்ட்' என்பதும் அப்போதே 'பிரிசம்ப்டிவ்' ஆயிற்று. 'சஸ்பெக்ட்' என்றால் காவல் நிலையத்து வாசனை அடிக்கிறது. இன்றும் சிலர் பழக்கத்தில் பழைய சொற்களையே பேசுவார்கள். நீங்கள் புதியவர்கள், புதிய சொற்களிலேயே தொடங்குங்கள்.

ஆறாம் படி: 'ரெமிஷன்', 'கன்ட்ரோல்', 'ரிவர்ஸ்'

நோய் அடங்கியிருக்கிறது, ஆனால் திரும்பி வராது என்று சொல்ல முடியாது. இந்த நிலைக்குப் பெயர் 'ரெமிஷன்'. முன்னால் 'இன்' வரும். புற்றுநோயில் 'கம்ப்ளீட் ரெமிஷன்' என்றால் நோயின் அடையாளம் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. 'பார்ஷியல்' என்றால் குறைந்திருக்கிறது. இரண்டிலும் 'கியூர்' என்ற சொல்லை மருத்துவர்கள் எளிதில் எடுப்பதில்லை. திரும்பி வந்தால் 'ரிலாப்ஸ்' அல்லது 'ரிகரன்ஸ்'. தமிழில் "இப்போது நோயின் தடயம் இல்லை, ஆனால் சொன்ன தேதியில் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று இரண்டு பகுதியாகவே சொல்லுங்கள். பின்பகுதியை விட்டுவிட்டால் முன்பகுதி பொய்யாகிவிடும்.

சர்க்கரை நோயிலும் இப்போது 'ரெமிஷன்' என்ற சொல் வருகிறது. அதற்கு அளவு உண்டு: சர்க்கரைக்கான மருந்தை நிறுத்திக் குறைந்தது 3 மாதம் ஆன பிறகும் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 2021-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்ட வரையறை இது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அளவு சரியாக இருந்தால் அது 'வெல் கன்ட்ரோல்டு' மட்டும்தான். "சர்க்கரை நார்மல் என்று எழுதியிருக்கிறதே, மாத்திரையை நிறுத்தலாமா?" என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: மாத்திரையால்தான் நார்மல்.

'ரிவர்ஸ்' என்ற சொல்லை விளம்பரங்களில் அதிகம் பார்ப்பீர்கள். 'பெர்மனென்ட் கியூர்' என்ற கூட்டையும் பார்ப்பீர்கள். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு போன்ற நோய்களின் பட்டியலைப் போட்டு, அவற்றை மருந்து தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954 முதல் இந்தியாவில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'மேஜிக் ரெமெடீஸ்' என்று வருகிறது. அதன் வாசகத்தில் 'கியூர்', 'மிட்டிகேஷன்', 'டிரீட்மெண்ட்', 'பிரிவென்ஷன்' என்று தீர்ப்பதும் தணிப்பதும் வைத்தியம் பார்ப்பதும் தடுப்பதும் தனித்தனியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சட்டம் எழுதியவர்களே ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாக வைக்கவில்லை. நோயாளி அப்படி ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினால் கேலி செய்யாதீர்கள். கையில் வாங்கி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

'கியூர்' என்று துணிந்து சொல்லக்கூடிய நோய்களும் உண்டு. ஹெபடைட்டிஸ் சி மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால் அதைக் 'கியூர்' என்றே எழுதுகிறார்கள். ஹெச்.ஐ.வி.யில் அப்படி எழுத முடியாது. இந்தியாவில் அந்தத் தொற்றை முதன்முதலில் 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில்தான் கண்டுபிடித்தார்கள். இன்று மாத்திரையால் வைரஸை 'அன்டிடெக்டபிள்' ஆக்க முடிகிறது. பரிசோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று பொருள். ஒழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. மாத்திரை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

ஏழாம் படி: டிஸ்சார்ஜ் சம்மரியை வாசித்துக் காட்டுவது

இங்கே வேகமாகப் போகலாம். கடைசிப் பக்கத்தில் 'கண்டிஷன் அட் டிஸ்சார்ஜ்' என்ற வரியைத் தேடுங்கள். 'ஸ்டேபிள்' என்றால் நிலை மோசமாகாமல் நிதானமாக இருக்கிறது, நன்றாகிவிட்டது என்பதல்ல. 'சிம்ப்டமாட்டிக்கலி பெட்டர்' என்றால் தொல்லைகள் குறைந்திருக்கின்றன. 'அஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இல்லை. 'அன்ஈவென்ட்ஃபுல்' என்றால் அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் எதுவும் வரவில்லை, நல்ல செய்தி. 'அன்ரிமார்க்கபிள்' என்று ஸ்கேனில் இருந்தால் குறிப்பிடும்படி கோளாறு இல்லை, அதுவும் நல்ல செய்தி. 'நெகட்டிவ்' என்பதைக் கேட்டு முகம் வாடுவார்கள். பரிசோதனையில் தேடியது கிடைக்கவில்லை என்று விளக்குங்கள். 'கார்டட் புரோக்னோசிஸ்' என்றால் என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத கவலைக்குரிய நிலை; இதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 'எல்ஏஎம்ஏ' என்று இருந்தால் மருத்துவர் வேண்டாம் என்றும் அழைத்துப் போகிறார்கள்.

மருந்துப் பட்டியலில் 'எஸ்ஓஎஸ்' என்றால் தேவைப்பட்டால் மட்டும். 'டேப்பர்' என்றால் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. ஸ்டீராய்டு மாத்திரையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் இரண்டு முறை சொல்லுங்கள், ஏனென்றால் நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். 'ரிவ்யூ ஆஃப்டர் ஒன் வீக்' என்பதற்கு ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று சொன்னால் போதாது. எந்த ஓ.பி., எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு டோக்கன், எந்தத் தாளைக் கொண்டுவர வேண்டும் என்று நான்கையும் சம்மரியின் பின்புறம் தமிழில் எழுதிக் கொடுங்கள். செங்கல்பட்டைத் தாண்டி வருகிறவர் கிழமை மாறி வந்து திரும்பினால் அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

எட்டாம் படி: கையில் ஒரு நோட்டு

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். கூட்டாக எழுதுங்கள்: 'ரெஸ்பாண்டிங் டு', 'டிரீட்டட் கன்சர்வேட்டிவ்லி', 'இன் ரெமிஷன்'. எதிரே தமிழில் முழு வாக்கியம், அதுவும் ஒரு அட்டெண்டரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாக்கியம். 'சிகிச்சைக்கு எதிர்வினை புரிகிறார்' என்று எழுதினால் அடித்துவிட்டு 'மருந்து பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, நிறுத்தக் கூடாது' என்று எழுதுங்கள். அதை மூத்த சிஸ்டர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். அவர்களிடம் இருக்கும் வாக்கியங்கள் எந்த அகராதியிலும் கிடையாது.

நோயாளியிடம் சொன்ன பிறகு, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "வீட்டில் கேட்டால் என்னம்மா சொல்வீர்கள்?" என்று கேட்டாலே போதும். "எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்" என்று அவர் சொன்னால், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, இன்னும் எத்தனை நாளைக்கு, எதற்காக என்று மறுபடி தொடங்குங்கள்.